செவி மாறியது, கேள் மாறவில்லை: ஏன்?

ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் ஒருவரிடம் ‘செவியால் கேட்கிறோம்’ என்பதை அவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். ‘கிவியிந்த கேளுத்தேவெ’ என்பார். நம்முடைய செவி அவருக்குக் கிவி. நம்முடைய கேள் அவருக்கும் கேளுதான். கன்னடத்தில் இரண்டு சொற்களும் ககரத்தில் தொடங்குகின்றன. தமிழில் ஒன்றுக்குச் சகரம், மற்றொன்றுக்குக் ககரம். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நின்றது எதனால்?

ஏதோ ஒரு சொல்லில் நேர்ந்த தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நமக்குச் சிறு என்பது அவர்களுக்குக் கிரு. சுண்டுவிரல் அங்கே கிருபெரளு, குறும்படம் கிருசித்ர. நம் செந்தாமரை அங்கே கெந்தாவரெ. சிவப்பு, கெம்பு. டெல்லிச் செங்கோட்டையைக் கன்னடச் செய்தித்தாள்கள் ‘கெம்பு கோட்டெ’ என்றே எழுதுகின்றன. நாம் செய் என்பதைப் பழங்கன்னடம் கெய் என்றது. இது ஒரு வரிசை. இன்னொரு வரிசையும் உண்டு: கிளி அங்கேயும் கிளிதான், தொடக்க ஒலி மட்டும் சற்று மெலிந்திருக்கும். கெடு என்பது கெடு. கேடு என்பது கேடு. கீழ் என்பது பழங்கன்னடத்தில் கீழ்.

இப்படி இரண்டு வரிசையாகச் சொற்கள் பிரிந்து நின்றால், பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று பொருள். அந்த விதியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சொற்பிறப்பியல். ஒரு சொல் எந்த வடிவத்தில் தொடங்கியது, ஒலியிலும் பொருளிலும் எப்படி மாறி இன்றைய நிலைக்கு வந்தது என்று சான்றுகளோடு ஆராயும் துறை அது.

ஒலி ஒப்புமை என்னும் பொறி

சொற்பிறப்பு என்றதும் பலரும் செய்வது, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்து ‘பார்த்தீர்களா!’ என்பது. கொரிய மொழியிலும் அப்பாவை அப்பா என்கிறார்கள் என்ற செய்தி நம்மிடையே ஆண்டுதோறும் வலம் வருகிறது. ஆனால் ப, ம போன்ற இதழொலிகள் குழந்தையின் வாயில் முதலில் வருபவை. அவற்றைத் தம்மை அழைப்பதாகப் பெற்றோர் எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடக்கிறது. அதனால்தான் தொடர்பே இல்லாத எத்தனையோ மொழிகளில் அம்மா, அப்பா, மாமா, பாப்பா போன்ற சொற்கள் இருக்கின்றன.

இதைவிட வியப்பான ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. குயின்ஸ்லாந்தின் பழங்குடி மொழிகளுள் ஒன்றான ம்பபரத்தை 1960-களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் பதிவு செய்தார். அந்த மொழியில் நாய்க்குச் சொல், ‘டாக்’. ஆங்கிலத்தில் உள்ள அதே ஒலி, அதே பொருள். ஆங்கிலேயரிடமிருந்து வந்த கடன் சொல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அண்டை மொழியான யிடினில் நாய்க்குப் பெயர் ‘குடக’. ம்பபரத்தில் பழஞ்சொற்களின் முதலசை உதிர்ந்திருக்கிறது, சில இடங்களில் அகரம் ஒகரமாகியிருக்கிறது, ஈற்றுயிர் மறைந்திருக்கிறது. இந்த மூன்றும் அந்த மொழியின் மற்றச் சொற்களிலும் நடந்தவை. அவற்றைக் குடக என்பதன் மீது ஏற்றினால் ‘டாக்’ வந்து நிற்கிறது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

ஒரு மொழியில் இருக்கும் ஒலிகள் சில பத்து. சொற்களோ ஆயிரக்கணக்கில். எந்த இரு மொழிகளை ஒப்பிட்டாலும் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும்.

ஒரு மனை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? விற்பவர் முகம் பழைய உரிமையாளரின் சாயலில் இருக்கிறது என்பதற்காகப் பணத்தைக் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே, அதிலிருந்து யார் பெயருக்கு மாறியது, அடுத்து யாருக்கு, இடையில் ஏதாவது வில்லங்கம் உண்டா என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் பார்க்கிறோம். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வாங்கத் தயங்குகிறோம். சொல்லின் வரலாற்றிலும் சாயல் போதாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு வேண்டும். அந்த மாற்றம் அதே மொழியின் மற்றச் சொற்களிலும் நடந்திருக்க வேண்டும்.

இதை அடிப்படைக் கொள்கையாக்கியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் அறிஞர்கள். ஒலி மாற்றம் சொல்லுக்குச் சொல் தன் விருப்பப்படி நடப்பதில்லை, குறிப்பிட்ட சூழலில் வரும் எல்லாச் சொற்களையும் அது தொடும் என்று 1878-இல் ஓஸ்தோஃப், புருக்மன் ஆகிய இருவரும் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஒழுங்கான மாற்றத்துக்கு ஒலிவிதி என்று பெயர்.

எது பழையது?

இப்போது செவிக்கும் கிவிக்கும் வருவோம். இரண்டில் எது முந்தைய வடிவம்? தமிழில்தான் பழைய இலக்கியம் இருக்கிறது, எனவே செவிதான் மூத்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு மொழியில் எழுத்துச் சான்று பழையது என்பதால் அதன் ஒவ்வொரு ஒலியும் பழையதாகிவிடாது. இதை முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மற்ற உறவு மொழிகளைச் சாட்சிக்கு அழைப்பது. துளுவில் காதுக்குக் கெபி. நீலகிரியில் வாழும் கோத்தர்களின் மொழியில் கெவ். நடு இந்தியாவின் கோலாமியிலும் கெவ். பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில், தொண்டையில் உரசும் ககரத்தோடு, கஃப். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகியிருக்கும் மொழிகள் எல்லாம் தனித்தனியே சகரத்தைக் ககரமாக்கிக்கொண்டன என்பது நம்பத்தக்கதல்ல. சகரம் தெற்கே தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இருக்கிறது. இவற்றில் மாற்றம் நடந்தது என்பதே எளிய விளக்கம்.

இரண்டாவது வழி இன்னும் கூர்மையானது. கன்னட வடிவம் தெரிந்தால் தமிழ் வடிவத்தை ஊகித்துவிடலாம். தமிழ் வடிவம் தெரிந்தால் கன்னட வடிவத்தை ஊகிக்க முடியாது. ஏனென்றால், தமிழ்ச் சகரத்துக்கு எதிரே கன்னடத்தில் எல்லா இடத்திலும் ககரம் வருவதில்லை. நம் சிக்கு அங்கே ஸிக்கு. நம் சுடு அங்கே ஸுடு. நம் சாவு அங்கே ஸாவு. அதாவது தமிழின் சகரத்தில் இரண்டு பழைய ஒலிகள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று தொடக்கத்திலிருந்தே சகரமாக இருந்தது, மற்றொன்று ககரத்திலிருந்து வந்தது. செவியையும் சிக்கையும் தமிழில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் போலத் தெரியும். கன்னடம்தான் பழைய வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது. கலந்த நீரைப் பிரிக்க வழியில்லை என்பதால், பிரிந்து நிற்கும் நிலையே முந்தையது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்தில் எங்கும் பதிவாகாத பழைய வடிவத்தை இப்படி மீட்டெடுப்பதை மீட்டுருவாக்கம் என்பார்கள்.

நாக்கு செய்த வேலை

ககரம் ஏன் சகரமாக வேண்டும்? விடை நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. ‘கா’ என்று சொல்லுங்கள். பிறகு ‘கீ’ என்று சொல்லுங்கள். முதல் ஒலிக்கு நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொடும். இரண்டாவதற்குத் தொடும் இடம் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்திருக்கும். இகரமும் எகரமும் நாக்கை முன்னே தள்ளி ஒலிக்கும் உயிர்கள். அவற்றைச் சொல்லப்போகும் நாக்கு, முன்கூட்டியே முன்னால் நகர்ந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த நகர்வு கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ககரம் ‘பச்சை’ என்பதில் கேட்கும் வல்லொலியாகிவிடும். தெலுங்கரும் மலையாளிகளும் இன்றும் செவியை அந்த வல்லொலியோடுதான் சொல்கிறார்கள். நாம் மேலும் ஒரு படி போய் மெல்லிய சகரமாக்கியிருக்கிறோம். இப்படி ஒலி அண்ணத்தின் நடுப்பகுதிக்கு நகர்வதை அண்ணமயமாதல் என்று சொல்லலாம்.

இது நம்மிடம் மட்டும் நடந்ததல்ல. நூறு என்பதற்கு இலத்தீனில் ‘கெந்தும்’. அதன் வழிவந்த இத்தாலியத்தில் அந்தச் சொல் பச்சையின் வல்லொலியோடு தொடங்குகிறது. பிரெஞ்சில் ஸகரத்தோடு தொடங்குகிறது. உலகின் பல மொழிகளில் இகர, எகரங்களுக்கு முன் ககரம் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. எதிர்த்திசை மாற்றம் மிக அரிது. ககரத்தில் தொடங்கிய வடிவத்திலிருந்தே செவி வந்தது என்ற முடிவுக்கு இது மூன்றாவது துணை.

அப்படியானால் கேள் ஏன் சேள் ஆகவில்லை? கிளி, கிழவன், கிணறு, கிட, கெடு, கெண்டை, கீழ், கேடு ஆகிய சொற்களைப் பாருங்கள். முதல் உயிருக்கு அடுத்து என்ன மெய் வருகிறது? ள, ழ, ண, ட. நாக்கின் நுனியைப் பின்னுக்கு மடித்துச் சொல்லும் நாமடி ஒலிகள் இவை. செவி, செய், சிறு, செம் ஆகியவற்றில் உயிருக்குப் பின் வருவன வ, ய, ற, ம. இவை நாமடி ஒலிகள் அல்ல. இகர, எகரங்களுக்கு முன் வரும் ககரம் தமிழில் சகரமாகும், அடுத்து நாமடி ஒலி வந்தால் ஆகாது. இதுதான் விதி.

நாமடி ஒலி எப்படித் தடுக்கிறது? நாக்கு நுனி பின்னால் மடியத் தயாராகும்போது, அதற்கு முன் வரும் இகரமும் எகரமும் சற்றுப் பின்னுக்கு இழுபடுகின்றன. உயிரே பின்னால் போய்விட்டால் ககரத்தை முன்னே தள்ள ஆளில்லை. இதை வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். இன்றைய பேச்சுத் தமிழிலேயே இந்த இழுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பிடி என்பதைப் புடி என்கிறோம். பெட்டி பொட்டியாகிறது. பெண் பொண்ணாகிறது. பிள்ளை புள்ளையாகிறது. வீடு வூடாகிறது. ஆனால் பெரிய என்பது பொரிய ஆவதில்லை, பேசு போசு ஆவதில்லை, வெயில் வொயில் ஆவதில்லை. இதழைக் குவித்துச் சொல்லும் ப, வ முன்னாலும், நாமடி ஒலி பின்னாலும் நிற்கும்போது, முன்னுயிராகிய இகர, எகரம் பின்னுயிராகிய உகர, ஒகரமாகிறது. கொச்சை என்று நாம் ஒதுக்கும் ‘பொட்டி’யும் ‘வூடு’ம், சங்க காலத்துக்கு முன்பே கேள் என்ற சொல்லைக் காப்பாற்றிய அதே நாக்கசைவின் வேலை.

தெலுங்கு வேறு வழியில் போனது. அங்கே நாமடி ஒலியும் தடுக்கவில்லை. நம் கெடு தெலுங்கில் செடு. நம் கிளி அங்கே சிலுக. தெலுங்குச் செவியும் தமிழ்ச் செவியும் ஒன்றுபோல் இருந்தாலும், அவற்றை உருவாக்கிய விதிகள் வெவ்வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஏரியும் சிறையும்

ஒரு விதி சரியா என்று சோதிக்க, அது நாம் எதிர்பாராத உறவுகளைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் ஏரிக்குப் பெயர் கெரெ. அரசிகெரெ, தாவணகெரெ என்று ஊர்ப்பெயர்களிலும் வரும். நம் விதிப்படி இதற்குத் தமிழில் சகரத்தில் தொடங்கும் ஓர் உறவு இருக்க வேண்டும். இருக்கிறது. சிறை.

பொருள் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். தமிழில் செறு என்ற வினைக்கு அடக்கு, தடு, அணைகட்டு என்ற பொருள்கள் உண்டு. நீரைத் தடுக்கும் அணையும் சிறைதான். கல்லணை என்ற பொருளில் கற்சிறை என்ற சொல் தொல்காப்பியத்திலேயே வருகிறது. நீரைத் தடுத்தால் தேங்குவது ஏரி. ஆளைத் தடுத்து வைக்கும் இடம் சிறைச்சாலை. மலையாளத்தில் சிற என்றால் அணையும் குளமும். தெலுங்கில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: செருவு என்றால் ஏரி, செர என்றால் சிறை. ஹைதராபாத்தின் துர்கம் செருவும் நம்மூர் மத்திய சிறையும் ஒரே வேரில் பிறந்தவை. பொருளை மட்டும் வைத்து இந்த உறவை யாரும் ஊகித்திருக்க முடியாது. ஒலிவிதி கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பிறகுதான் பொருளின் பாதை தெரிகிறது.

விதிக்கும் வயது உண்டு

இந்த மாற்றம் எப்போது நடந்தது? கோத்தர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. அதில் இன்னும் கெவ் இருக்கிறது. எனவே அது பிரிந்த பிறகே தமிழில் மாற்றம் நடந்திருக்க வேண்டும். மலையாளத்திலும் செவியே இருக்கிறது. எனவே மலையாளம் தனி மொழியாகும் முன்பே மாற்றம் முடிந்திருக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் செவி, செய், சிறு எல்லாம் இன்றைய வடிவில்தான் உள்ளன.

வெளியார் பதிவுகளும் கைகொடுக்கின்றன. கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் தென்னாட்டு அரசர்களைக் குறிப்பிடும்போது, சேரரைக் ககரத்தில் தொடங்கும் பெயரால், கேரளபுத்திரர் என்ற பொருள்பட, சொல்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியும் ககரத்தோடுதான் எழுதுகிறார். தமிழ் இலக்கியம் சேரல் என்கிறது. சேரல், கேரளம் இரண்டையும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாக ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். ஏகாரத்துக்குப் பின் வருவது ரகரம், நாமடி ஒலி அல்ல என்பதால் விதியும் பொருந்துகிறது.

ஒலிவிதி ஒரு காலத்தில் வேலை செய்து பிறகு ஓய்ந்துவிடும். கிராமம் என்ற வடசொல் நம்மிடம் சிராமம் ஆகவில்லை. கெடிகாரம், கேமரா, கேக், கிலோ எல்லாம் ககரத்தோடே நிலைத்துவிட்டன. அவை வந்து சேரும்போது விதி செத்துப்போயிருந்தது. ஒரு சொல் விதிக்கு உட்பட்டதா இல்லையா என்பதே அது எப்போது மொழிக்குள் வந்தது என்பதற்கு ஒரு கடிகாரம். அதே வேளையில் அண்ணமயமாதல் வேறு வடிவில் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. படித்தேன் என்பதைப் படிச்சேன் என்கிறோம், வைத்து என்பதை வச்சு, ஐந்து என்பதை அஞ்சு என்கிறோம். முன்பு ககரத்துக்கு நேர்ந்தது இன்று தகரத்துக்கு நேர்கிறது.

அடங்காத சொற்களும் உண்டு. கீரை, கீரி இரண்டும் விதிப்படி சகரமாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. செடி என்பதோடு கன்னடக் ‘கிட’ ஒப்பிடப்படுகிறது. டகரம் பின்னால் வருவதால் அது தமிழில் ககரமாகவே இருந்திருக்க வேண்டும். பக்கத்து மொழியிலிருந்தோ வட்டார வழக்கிலிருந்தோ வந்த சொல்லா, வேறொரு சொல்லின் தாக்கமா என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார்கள். விதி இருப்பதால்தான் விலக்கு எது என்பதே நமக்குத் தெரிகிறது.

உழைப்பின் வரலாறு

தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816-இல் சொற்பட்டியல்களோடு எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பர்ரோவும் கலிஃபோர்னியாவின் எமனோவும் சேர்ந்து 1961-இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார்கள். 1984-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எமனோ நூலகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தவர் அல்ல. 1930-களின் பிற்பகுதியில் நீலகிரிக்கு வந்து, எழுத்தே இல்லாத தோடர், கோத்தர் மொழிகளைப் பேசுவோரின் வாய்மொழியாகக் கேட்டு எழுதினார். தமிழ்ச் சொல் ஒன்றின் பிறப்பை அறிய, சிறு கூட்டமே பேசும் மலைமொழி ஒன்று சாட்சி சொல்கிறது. அந்த மொழிகள் மறைந்தால் நம் சொற்களின் வரலாற்றுக்கான ஆதாரமும் சேர்ந்து மறையும்.

தமிழின் தொன்மை மீது நமக்குள்ள பற்று உண்மையானது, நியாயமானது. அந்தப் பற்றுக்குத் தகுந்த கடுமையோடு சொற்களை ஆராய்வதே தமிழுக்குச் செய்யும் மரியாதை. ஒலி ஒப்புமையை மட்டும் காட்டி உலகச் சொல்லெல்லாம் தமிழ் என்பதும், தமிழ்ச் சொல்லெல்லாம் கடன் என்பதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். இனி யாராவது உங்களுக்கு ஒரு சொல்லின் பிறப்பைச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த மாற்றம் வேறு எந்தச் சொற்களில் நடந்திருக்கிறது? உறவு மொழிகளில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது? அதன் மிகப் பழைய பதிவு எது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் நம்புங்கள். கிடைக்காவிட்டால், அது எவ்வளவு இனிமையான கதையாக இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.